ஆலங்கட்டிக்கு ஆறு மாதம்

காவிரிக் கரையில், மோகனூருக்குச் சற்று மேற்கே ஒரு மாந்தோப்பு. அதில் கூடாரம் அடித்துக் கச்சேரி விசாரணை நடந்துகொண்டிருந்தது. மேஜைக்குப் பின்னால் வெள்ளைக்காரத் துரை. முன்னால் கைவிலங்கோடு ஒரு சேலை வியாபாரி. அவனுக்குப் பக்கத்தில் சாட்சி சொல்ல வந்த ஓர் அம்மாள். எல்லோருக்கும் நடுவில், மொழிபெயர்த்துச் சொல்ல நான்.

துரை பேனாவின் பின்பக்கத்தால் சேலை வியாபாரியைச் சுட்டிக் காட்டினார். என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார். ஐந்தே சொற்கள்.

“வேர் டஸ் ஹி ஹெயில் ஃப்ரம்?”

வெளியே ஒரு மாங்காய் தொப்பென்று விழுந்தது. நனைந்த கித்தான் வெயிலில் காயும் வாசனை கூடாரம் முழுக்க நிறைந்திருந்தது. கேள்வி எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாமல் விழித்திருந்தால் துரையே வேறு விதமாகக் கேட்டிருப்பார். புரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

போன வாரம் இந்தப் பகுதியில், என் முதல் உத்தியோகம் போனதை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அதற்கு ஒரு வாசகர் கோபித்துக்கொண்டு கார்டு போட்டிருக்கிறார். கல்யாணத்தை நான்கு வாரம் எழுதியவர் உத்தியோகத்தை நான்கு சொல்லில் முடிக்கலாமா என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. ஆகவே முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

சூரியன் ஆண், கப்பல் பெண்

நான் ஆங்கிலம் படித்தது ராசிபுரத்தில். அப்பா நெசவாளி. வீட்டு முன்கட்டில் இரண்டு தறி. தறிச் சத்தத்தை மிஞ்சிப் பாடத்தை உரக்கப் படிக்க வேண்டியிருந்ததால், எனக்கு ஆங்கிலம் வந்ததோ இல்லையோ குரல் நன்றாக வந்தது.

பள்ளிக்கூடத்து வாத்தியார் இலக்கணத்தில் கெட்டிக்காரர். சூரியனை ‘ஹி’ என்று சொல்ல வேண்டும், சந்திரனையும் கப்பலையும் ‘ஷி’ என்று சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். பலமுள்ளதெல்லாம் ஆண், அழகுள்ளதெல்லாம் பெண் என்று நானாக ஒரு சூத்திரம் செய்துகொண்டேன். வாத்தியார் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

அவருக்கு ஆங்கிலத்தில் ஒரே ஒரு பயம் உண்டு. வினைச்சொல்லின் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் ‘அப்’, ‘ஆஃப்’, ‘ஃப்ரம்’ போன்ற சின்னச் சொற்கள்தான் அது. அவை வந்து சேர்ந்தால் வினையின் அர்த்தமே வேறாகிவிடும் என்று அடிக்கடி எச்சரிப்பார். பரீட்சைக்கு முன்னால் ஒரு வாரம் முழுக்க அந்தப் பாடத்தைத்தான் நடத்தினாராம். அந்த வாரம் எனக்குப் பொன்னுக்குவீங்கி கண்டு, கன்னத்தில் பற்றுப் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருந்தேன்.

பரீட்சையில் தேறிவிட்டேன். பிறகு இரண்டு வருஷம் வேலையில்லாமல் அப்பாவின் தறிக்குப் பாவு ஓட்டினேன். அப்போதுதான் இந்த வாய்ப்பு வந்தது. சீமையிலிருந்து புதிதாக வந்த துரைக்குத் தமிழ் இன்னும் பிடிபடவில்லை. அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லிவந்த துபாஷி, தன் மகள் கல்யாணத்துக்காக நீண்ட விடுப்பு எடுத்திருந்தார். அந்த இடத்தில் என்னை மூன்று மாதத்துக்கு வைத்தார்கள். துரை நல்லபடியாக ஒரு வரி எழுதிவிட்டால் வேலை நிரந்தரமாகிவிடும்.

அப்பா அதிகம் பேசாதவர். அவரே தெருவில் நான்கு வீட்டுக்கு நடந்து போய்ச் செய்தியைச் சொல்லிவிட்டு வந்தார். பெரியப்பாவின் கோட்டு ஒன்று கிடைத்தது. போட்டுக்கொண்டால் என் விரல்கள் வெளியே தெரியாது. சலாம் போடும்போது கோட்டுக் கைதான் சலாம் போடும்.

மாடு காணாமல் போன வழக்கு

வழக்கு சின்னதுதான். மோகனூர்ப் பக்கம் ஒரு சிற்றூர். பெயர் வேண்டாம், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இந்தப் பத்திரிகையை வாங்குகிறார்கள். அங்கே நாச்சிமுத்து என்ற குடியானவருடைய உழவு மாடுகள் இரண்டு காணாமல் போய்விட்டன. சித்திரை மாதத்துப் பிற்பகல் ஒன்றில் திடீரென்று ஆலங்கட்டி மழை கொட்டியிருக்கிறது. எல்லோரும் வீட்டுக்குள் ஒடுங்கியிருக்கிறார்கள். மழை விட்டு வெளியே வந்து பார்த்தால் கொட்டகையில் மாடுகள் இல்லை. தலையில் துணிமூட்டையை வைத்துக்கொண்டு ஒரு வெளியூர்க்காரன் மட்டும் நின்றிருக்கிறான்.

அவன் பெயர் அய்யாவு. ஒல்லியான ஆள், முப்பது வயதிருக்கும். ஊர் ஊராக நடந்து சேலை விற்கிறவன். மழைக்குத்தான் ஒதுங்கினேன், மாட்டை நான் பார்க்கவே இல்லை என்று சொல்லிப் பார்த்தான். ஊர்க்காரர்கள் கேட்கவில்லை. ஆளையும் மூட்டையையும் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். கூட்டாளிகள் மாட்டை ஓட்டிப் போக, இவன் காவலுக்கு நின்றான் என்பது குற்றச்சாட்டு.

காலையில் நாச்சிமுத்துவும் அய்யாவும் சொன்னதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஆலங்கட்டிக்கு ஆங்கிலத்தில் ‘ஹெயில்’ என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அதைத் தயங்காமல் சொன்னபோது துரை தலையை ஆட்டினார். அன்று காலை முழுவதும் நானும் துரையும் அந்தச் சொல்லை ஏழெட்டுத் தடவையாவது சொல்லியிருப்போம்.

அதற்கப்புறம்தான் அடுத்த வீட்டுச் செல்லாயி அம்மாள் சாட்சி சொல்ல வந்தார். துரையும் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

செல்லாயி சொன்ன சாட்சி

‘ஹெயில்’ என்றால் ஆலங்கட்டி. ‘ஃப்ரம்’ என்றால் இருந்து. நடுவில் ஒரு ‘ஹி’ இருந்தது. பேனா காட்டிய ஆளை நான் கவனிக்கவில்லை, சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கணம் யோசித்தேன். சூரியனே ஆண் என்றால், ஓட்டை உடைக்கிற ஆலங்கட்டி எப்படிப் பெண்ணாக இருக்கும்? துரை இலக்கணசுத்தமாகப் பேசுகிறார் என்று எனக்குச் சந்தோஷம்கூட வந்தது.

செல்லாயி பக்கம் திரும்பி, அந்த ஆலங்கட்டி எங்கிருந்து வந்தது என்று துரை கேட்கிறார் என்றேன்.

“கொல்லிமலைப் பக்கமிருந்துதானுங்க சாமி. எப்பவும் அப்பிடித்தானுங்க வரும்.”

நானும் துரையைப் போலவே ‘ஹி’ போட்டு ஆங்கிலத்தில் சொன்னேன்: கொல்லிமலையிலிருந்து வருகிறான், எப்போதும் அங்கிருந்துதான் வருவான். துரையின் புருவம் உயர்ந்தது. இதற்கு முன்னாலும் வந்திருக்கிறானா என்று கேட்டார். அதையும் தமிழாக்கி அம்மாளிடம் கேட்டேன்.

“வராம என்னுங்க? ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா, சித்திரையில வந்துருமுங்க. போன தடவை எங்க ஊட்டு ஓட்டையெல்லாம் ஒடைச்சு, ரெண்டு கோழியக் கொன்னுபோட்டுப் போச்சுங்க.”

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவான், ஓட்டை உடைத்தான், கோழியைக் கொன்றான் என்று ஆங்கிலத்தில் ஒப்பித்தேன். துரை நிமிர்ந்து அய்யாவைப் பார்த்தார். அந்தக் குச்சி உடம்புக்குள் இவ்வளவு அட்டூழியம் எங்கே இருக்கிறது என்று தேடினார் போலிருக்கிறது. இதை யாருமே தடுக்கவில்லையா என்று கேட்டார். நான் அப்படியே கேட்டேன்.

செல்லாயி துரையை ஒரு பார்வை பார்த்தார். சீமையில் மழையே கிடையாதோ என்று பரிதாபப்படுகிற பார்வை.

“அதை ஆருங்க தடுக்க முடியும்? அல்லாரும் ஊட்டுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கறதுதானுங்க.”

அவனை யாராலும் தடுக்க முடியாது, அவன் வந்தால் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும் என்றேன். துரை வேகவேகமாக எழுதினார். எழுதி முடித்து, இதற்கு நீ என்ன சொல்கிறாய் என்று அய்யாவையே கேட்டார்.

அய்யாவுக்குக் காதில் விழுந்தது தமிழ் மட்டும்தான். ஆலங்கட்டியைப் பற்றி அந்த அம்மாள் சொன்னதெல்லாம் உண்மைதானே. தனக்குச் சாதகமான சாட்சி என்று வேறு நினைத்திருக்கிறான். விலங்கோடு கையைத் தூக்கிக் கும்பிட்டான்.

“அந்தம்மா சொன்னது அத்தனையும் நெசமுங்க. ஒரு வார்த்தை பொய் இல்லீங்க.”

அதையும் மொழிபெயர்த்தேன். அன்று நான் ஒரே ஒரு எழுத்துப் பிசகாமல் மொழிபெயர்த்த வாக்கியம் அதுதான். துரை பேனாவை மூடினார். தீர்ப்பு சாப்பாட்டுக்குப் பிறகு, ஆறு மாதம் போடப் போகிறேன் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். நன்றாகச் செய்தாய் என்றும் சொன்னார். என் கோட்டுக் கை சலாம் போட்டது.

புளியமரத்தடியில் கிடைத்த அர்த்தம்

ஹெட் கிளார்க் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். காலையெல்லாம் வேறு கூடாரத்தில் காகிதங்களோடு இருந்தவர். புளியமரத்தடியில் உட்கார்ந்து மோர்ச் சோறு சாப்பிட்டுக்கொண்டே, நகல் எடுப்பதற்காக வந்த துரையின் குறிப்பைப் படித்தார். பாதியில் புரையேறிவிட்டது. நான்தான் தலையைத் தட்டிவிட்டேன்.

கேள்வியை எப்படிக் கேட்டாய் என்று விசாரித்தார். பெருமையாகச் சொன்னேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, எதிரே உட்கார்ந்து பாடம் நடத்தினார். அந்த ஹெயில் வேறு, இந்த ஹெயில் வேறு. இது கூவிக் கூப்பிடுகிற ஹெயில். நடுக்கடலில் ஒரு கப்பல் இன்னொரு கப்பலைக் கண்டால், எந்தத் துறைமுகம் என்று கூவிக் கேட்பார்களாம். அதில் ‘ஃப்ரம்’ வந்து ஒட்டிக்கொண்டதும், ஒருவனுடைய சொந்த ஊர் எது என்பதைச் சொல்லும் வினையாகிவிட்டது. சந்தைக்குப் போய்த் திரும்புகிறவனைச் சந்தையிலிருந்து ‘ஹெயில்’ ஆகிறான் என்று சொல்லக் கூடாது. பிறந்த ஊருக்கு, பூர்வீகத்துக்குத்தான் இந்தச் சொல். விண்ணப்பத்தில் ‘ஐ ஆம் ஹெயிலிங்’ என்று எழுதுகிறவர்களைக் கண்டால் அவருக்கு எரிச்சல் வருமாம். வந்துகொண்டே இருப்பதற்கு ஊர் என்ன ரயிலா, ‘ஐ ஹெயில்’ என்று எழுதினால் போதும் என்றார்.

நான் கடலையே பார்த்ததில்லை. கடலில் யாரோ யாரையோ கூப்பிட்டதற்கு மோகனூரில் ஒருவன் சிறைக்குப் போக வேண்டியிருக்கிறதே என்று நினைத்தேன்.

நம் பக்கத்தில் ஊர் கேட்பது அவ்வளவு சுருக்கமான காரியமில்லை. எந்த ஊருங்க என்றால் இருக்கிற ஊரைச் சொல்ல வேண்டும். அப்புறம் அம்மா பிறந்த ஊர். அப்புறம் குலசாமி கோயில் இருக்கிற ஊர். அந்தக் கோயில் திருவிழாவில் எதிராளியின் சித்தப்பாவைப் பார்த்த ஞாபகம் வரும். அதற்குள் சோறு வெந்துவிடும், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இவ்வளவையும் ஐந்து சொல்லில் கேட்டால் யாருக்குத்தான் புரியும் என்று ஹெட் கிளார்க்கிடம் வாதாடினேன். அவர் சிரிக்கவில்லை.

“பேசாம இரு தம்பி. அப்பீல்ல பாத்துக்குவாங்க. உனக்கு இன்னும் ஆறு நாள்தான் பாக்கி. வேலையைக் கெடுத்துக்காதே.”

அவர் என் நன்மைக்குத்தான் சொன்னார். நானும் அதைக் கேட்டுக்கொண்டேன், மறைக்க விரும்பவில்லை. கோட்டைக் கழற்றிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தேன். தெருவில் நான்கு வீட்டுப் படி ஏறி இறங்கிய அப்பாவின் முகம்தான் கண்ணில் நின்றது. அரைமணி நேரம் அப்படியே போயிற்று.

அடுத்த மரத்தடியில் அய்யாவு இருந்தான். சாப்பாட்டுக்காக விலங்கைக் கழற்றியிருந்தார்கள். ஒரு கையைக் காவல்காரர் பிடித்திருக்க, சாட்சிப் பொருளாக வந்திருந்த மூட்டையை அவிழ்த்து, மறு கையால் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தான். மடிப்பை நெஞ்சில் அணைத்து, மோவாயால் அழுத்திப் பிடித்து, ஒற்றைக் கையால் நீவினான். என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

“ஏனுங்க சாமி, அந்தம்மா நல்லாத்தானுங்களே சொல்லுச்சு? என்னைய உட்டுருவாங்கதானுங்களே?”

நான் எழுந்து துரையின் கூடாரத்துக்கு நடந்தேன்.

ஹி ஈஸ் நாட் ஹி

துரை சாப்பிடுகிறார் என்று பட்லர் வழிமறித்தார். தலை போகிற காரியம் என்றேன். யார் தலை என்று கேட்டார். ஆறு மாதத் தலை என்றேன். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே நுழைந்துவிட்டேன்.

துரை சூப்புக் கரண்டியைக் கீழே வைத்தார். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த ஆங்கிலம் அத்தனையும் போய்விட்டது. மிஞ்சியது இதுதான்: “சார், ஹி ஈஸ் நாட் ஹி. ஹி ஈஸ் ரெயின்.”

அவன் அவனில்லை, அவன் மழை. துரை எழுந்து நின்றார். வெயில் தாக்கிவிட்டது என்று நினைத்துப் பட்லரிடம் தண்ணீர் கேட்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. மேஜையிலிருந்த கிண்ணத்திலிருந்து ஒரு பிடி சர்க்கரைக் கட்டிகளை அள்ளினேன். என் தலைக்கு மேலே உயர்த்தி ஒவ்வொன்றாக விட்டேன். இரண்டு தலையிலும், ஒன்று சூப்பிலும் விழுந்தது. “ஹெயில்” என்றேன். பிறகு கோழி சாவதையும் ஓடு உடைவதையும் என்னால் முடிந்தவரை நடித்துக் காட்டினேன்.

துரை மெல்ல உட்கார்ந்தார். முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டே வந்தது. நான் மழைக்கு ஆறு மாதம் போட இருந்தேன் என்று, யாருக்கோ சொல்வது போலச் சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்து, இது உனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டார். அரைமணி நேரத்துக்கு முன்னால் என்றேன். அரைமணி நேரம் எதற்கு ஆயிற்று என்று கேட்டார்.

அதற்குப் பதில் சொல்வதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. வேலை போய்விடும் என்று பயந்தேன் என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. சூப்பில் விழுந்த சர்க்கரைக் கட்டியைக் கரண்டியால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

கேட்டால்தானே சொல்வது

சாப்பாட்டுக்குப் பிறகு தோப்பில் கூட்டம் இரண்டு மடங்காகிவிட்டது. காலையில் நடந்த தவறு என்னுடையது, துரை கேட்டதை நான் மாற்றிக் கேட்டுவிட்டேன் என்று எல்லோர் முன்னாலும் தமிழில் சொன்னேன். நாச்சிமுத்துவுக்கு அது விளங்கவில்லை. விளங்கியவர்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

செல்லாயியை மறுபடி கூப்பிட்டு, இந்த ஆள் எந்த ஊர் என்று கேட்டேன்.

அவர் இளம்பிள்ளை ஊர்க்காரர் என்று தொடங்கினார் செல்லாயி. மூன்று வருடமாகச் சேலை கொண்டுவருகிறார், தங்கச்சி மகள் சீருக்குக்கூட இவரிடம்தான் எடுத்தோம், இவருடைய அம்மா ஊர் தாரமங்கலத்துக்குப் பக்கம் என்று குலசாமி வரைக்கும் போய்விட்டார். நான்தான் நிறுத்தினேன். கொட்டகையில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். ஆலங்கட்டி தகரத்தில் விழுந்த சத்தத்தில் மாடுகள் மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு வடக்கே ஓடியதை ஜன்னல் வழியாகப் பார்த்ததாகச் சொன்னார். இவர் வந்து ஒதுங்கியது அதற்கு அப்புறமாம்.

இதையெல்லாம் காலையிலேயே ஏன் சொல்லவில்லை என்று துரை கேட்டார்.

“ஆருங்க கேட்டாங்க? மழையப் பத்தித்தானுங்களே கேட்டீங்க.”

அப்போதுதான் துரை சிரித்தார். வெகு நேரம் சிரித்தார். அய்யாவின் விலங்கைக் கழற்றச் சொன்னார். மாடுகள் இரண்டு நாள் கழித்துக் கிடைத்தன. போன தை மாதம் நாச்சிமுத்து சேந்தமங்கலத்துக்காரர் ஒருவரிடம் வாங்கிய ஜோடி அது. இருபது மைல் நடந்தாலும் பரவாயில்லை என்று நேராகப் பழைய எஜமானர் கொட்டகைக்கே போய் நின்றிருக்கின்றன.

எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. துரை கடிந்து பேசவில்லை. இரண்டு பேருக்கு நடுவில் நிற்கிறவனுக்கு, தனக்கு எது தெரியாது என்பதாவது தெரிந்திருக்க வேண்டும் என்றார். நீயாக வந்து சொன்னதை நான் மறக்க மாட்டேன் என்றும் சொல்லிக் கை கொடுத்தார். கோட்டுக் கையை மடித்துவிட்டுத்தான் அந்தக் கையைப் பிடிக்க முடிந்தது.

ஒரு சேலை

மறுநாள் காலையில் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அய்யாவு என்னைத் தேடி வந்தான். நான்தான் துரையிடம் வாதாடி அவனை விடுவித்தேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் காலைத் தொடக் குனிந்தான். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அவனை உட்கார வைத்து நடந்ததையெல்லாம் சொன்னேன், அரைமணி நேரத்தையும் சேர்த்து.

அவன் கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. மூட்டையின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினோரு நாளாக ஒரு சேலைகூட விற்கவில்லை, வீட்டுக்கு வெறுங்கையோடு போக வேண்டும் என்று மெதுவாகச் சொன்னான். பிறகு முடிச்சை அவிழ்த்தான்.

“அப்படின்னா, ஒரு சேலை எடுத்துக்குங்க சாமி.”

மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட ஒன்றை எடுத்தேன். விலையில் அவன் ஒரு காசு குறைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ராசிபுரத்தில் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா தறியில் இருந்தார். வேலை போன கதையை அம்மாவிடம் சொல்லிக்கொண்டே சேலையை நீட்டினேன். அம்மாவுக்கு வேலை போனதைவிட இதுதான் பெரிய அதிர்ச்சி. நெசவுக்காரன் வீட்டுக்கு ஒருவன் விலை கொடுத்துச் சேலை வாங்கி வருவானா, தெருவில் தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அப்பா தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். சேலையை வாங்கி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் முந்தானையை விரித்தார். திருப்பினார். கரையை நகத்தால் நீவிப் பார்த்தார். துரை என்ன சொன்னார், இனிமேல் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்பார் என்று காத்திருந்தேன்.

“இழை நல்லா ஓடியிருக்குது. எந்த ஊருச் சரக்கு?” என்றார்.

நான் சொன்னேன். பேஷ் என்று தலையை ஆட்டிவிட்டு, அப்பா இரண்டாவது தறியின் மேல் போட்டிருந்த துணியை எடுத்து உதறினார். உட்கார் என்று சொல்லவில்லை. நானாகக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.